நாற்பது ரிங்கிட்

பஹாவ் வரும்போதே வேனுக்குள் கொதித்தது.
மூன்றாம் நாள். அடுப்பில் கேஸ் இல்லை,
பிஸ்கட்டோடு பசியாறியிருந்தோம்.

விலங்குப் பூங்கா முகப்பில்
உள்நாட்டாருக்குப் பத்து, வெளிநாட்டாருக்கு நாற்பது.
மச்சான் வீரபத்திரனின் அட்டை சிவப்பு.
டிக்கெட் பெண் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.
மன்னிப்புக் கேட்டுக்கொண்டே
நாற்பது வாங்கினாள்.

தாப்பிர் கூண்டில் பலகை:
பெயர் மெலூர். பெண்.
பிறந்த இடம், பதினாலாம் பிளாக், செம்பனைக் கால்வாய்.
"நம்ம பிளாக்கு!"
ஐம்பத்திரண்டு வயசுக்காரர் கத்திவிட்டார்.
அது கங்கோங் கீரையை மோந்து ஒதுக்கிவிட்டு
வாழைத்தோலைத் தின்றது.

ராத்திரி பார்க்கிங்கிலேயே படுத்தோம். கொசு.
வேலிக்கு அந்தப் பக்கம் மெல்லிசாக ஒரு விசில்.
தாப்பிர் அப்படித்தான் கூப்பிடுமென்று
காவலாளி சொல்லியிருந்தான்.

வேன் கதவைத் தள்ளி,
கைலியோடு படியில் உட்கார்ந்து
மச்சானும் விசிலடித்தார்.