இறங்காமல்

டிராம்காரர் வேலைநிறுத்தம் செய்த வியாழக்கிழமை
கீழ்வீட்டு அனுவார் தன் தங்கையின் சைக்கிளைத் தந்தான்.
சீற் உயரம். மணி அடிக்காது.
"பின்னேரம் தந்தால் போதும், மதாம்."
அது போன பங்குனி.

இப்போது சொந்தமாக ஒன்று இருக்கிறது,
எழுபது யூரோவுக்கு வாங்கின பச்சைப் பழசு.
கூடையில் சோற்றுப்பெட்டி, மழைச்சட்டை.
பின்விளக்கு மூன்றாவது;
முதல் இரண்டும் ஸ்ட்ராஸ்பூரில்
யாரிடமோ எரிந்துகொண்டிருக்கின்றன.

என்ன லாபம் என்று கேட்கிறாள் றஜிதா,
லண்டனிலிருந்து, தொலைபேசியில்.

டாக்டரைக் கேட்டால் இரத்தச் சீனியைச் சொல்வார்,
எட்டு புள்ளி ஒன்று ஆறு புள்ளி ஒன்பது ஆன கதையை.
தவநேசனைக் கேட்டால் டிராம் காசு.
அவர் அதைப் பால்மா டின்னில் தனியாகப் போடுகிறார்,
பிறகு அதிலிருந்தே எடுத்து லொத்தர் வாங்குகிறார்.
மகள் சொல்வது புகை, வெப்பம், உருகும் பனி.
பன்னிரண்டு வயதில் பூமி முழுவதும் அவள் பொறுப்பு.

எனக்கு அந்த இருபத்தாறு நிமிடம்.
வீட்டுக்கும் சொந்தமில்லை, வேலைக்கும் சொந்தமில்லை,
அதற்குள் என்னை ஒருவரும் கூப்பிட ஏலாது.

காலை நாலரை.
நொய்டோர்ஃபில் வெதுப்பகத்தின் சன்னல் மட்டும் விழித்திருக்கும்.
துறைமுகப் பக்கம் திரும்பினால் கொக்கோ வறுக்கும் வாசம்;
ஆறு வருசம் டிராமில் போனேன், ஒருநாளும் அது உள்ளே வரவில்லை.
சந்தியில் ஒரு விளக்கு எனக்காகச் சிவக்கும்,
எனக்காகவே பச்சையாகும்.
நானும் நின்று மரியாதை செய்வேன்,
ஒருவரும் இல்லாத வீதியில்.

மத்தியானம் திரும்பி வரும்போது
சலவைத் தூளின் மணம் பாதி வழியிலேயே உதிர்ந்துவிடும்.
கதவைத் திறப்பது நான் மட்டும்.

பொய் சொல்லக்கூடாது.
மார்கழியில் விரல் விறைத்து பிரேக்கைத் தேடும்.
தண்டவாளப் பள்ளத்தில் சில்லு மாட்டி விழுந்த தழும்பு
இடது முழங்காலில் இன்னும் இருக்கிறது.
ரைன் கரையில் எதிர்க்காற்று அடித்தால்
பிரெஞ்சு வராது, ஜெர்மன் வராது,
கெட்ட வார்த்தை தமிழில்தான் வரும்.

பிறகு பாலம்.
பாதி தாண்டினால் பிரான்ஸ் முடிந்து ஜெர்மனி.
கோடு இல்லை, ஆள் இல்லை,
கீழே சல்லிக்கல் ஏற்றிய படகொன்று போகும்.
அந்த நடுவில் ஒவ்வொரு நாளும் நான் இறங்கினேன்.
இறங்கி, உருட்டிக்கொண்டு நடந்தேன்.
ஏன் என்று என்னை நான் கேட்கவில்லை.

கேட்டது பெயாட்டே,
என்னோடு ஹோட்டல் மேசைவிரிப்புகள் மடிப்பவள்,
ஒருநாள் பின்னால் வந்தாள்:
"காற்றுப் போய்விட்டதா?"
ஓம் என்றேன்.
குனிந்து சில்லை அமத்திப் பார்த்தாள்.
கல்லுப் போல இருந்தது.
ஒன்றும் சொல்லாமல் அவளும் உருட்டிக்கொண்டு வந்தாள்.

பதினாறு வயதில்
ரியூசனுக்குப் போகும் வழியில் நாலு சென்றி.
ஐம்பது மீற்றர் முன்னாலேயே இறங்கிவிட வேண்டும்,
அடையாள அட்டை பல்லுக்கிடையில்,
இரண்டு கையும் ஹாண்டிலில் தெரிய.
படித்த கணக்குகள் மறந்து கனகாலம்.
காலுக்கு மறக்கவில்லை.

ஆனியில் ஒரு காலை, முதுகில் காற்று.
மிதிக்கக்கூட இல்லை.
நாளைக்கு மீன் வாங்க வேண்டும்,
மகளுக்குப் பல் டாக்டர்,
பெருஞ்சீரகம் முடிந்துவிட்டது,
இப்படி ஏதோ.
கேல் பக்கத்துச் சரிவில் இறங்கும்போதுதான் பார்த்தேன்,
சப்பாத்தில் பாலத்தின் ஈரம் படவே இல்லை.

திரும்பினேன்.
எதிர்க்காற்றில் மூச்சு வாங்கப் பிரான்சுக்கு ஏறி
மறுபடி ஜெர்மனிக்கு வந்தேன்,
இந்த முறை வேண்டுமென்றே,
நடுவைக் கண்ணால் பார்த்துக்கொண்டு.

ஒன்பது நிமிடம் பிந்தினேன்.
மேசைவிரிப்பின் மற்ற முனையைப் பிடித்தபடி
"திரும்பவும் காற்றா?" என்றாள் பெயாட்டே.
ஓம் என்றேன்,
காற்றுத்தான்.