மூன்று பேரும் தொண்ணூற்றாறு

கரடிப்போக்குச் சந்தியில் என் போன் கடை.
றீலோட், கண்ணாடி மாற்றல், சாச்சர், போட்டோக்கொப்பி.
ஞாயிறு பூட்டுமுன்
ஒரு சி.ஆர். கொப்பியில் பத்துப் பாட்டை வரிசை எழுதுகிறேன்.
யாரும் கேட்டு எழுதுவதில்லை.
எதை மெமறிக் காட்டில் ஏற்றச் சொன்னார்கள்,
எந்தப் பாட்டுக்குப் போன் சிணுங்கியது,
பரந்தன் பஸ் எதை இரண்டு தரம் போட்டது,
அதுதான் கணக்கு.

இந்தக் கிழமை:
ஒன்று, ஒட்டுசுட்டான் அனோஜிதா.
இரண்டு, எம்.சி. முரசுமோட்டை.
மூன்று, திரும்பவும் அனோஜிதா.
நான்கு, மல்லாவிக் கஜரூபன். பழைய பாட்டு,
போன கிழமை ஒன்பதில் கிடந்தது.

மூன்று பேரும் ஒரே வருசம் என்று கண்டுபிடித்தவன்
எதிர்க்கடை கொத்துரொட்டி றெஜி.
"தொண்ணூற்றாறாம் ஆண்டுத் தண்ணியில
என்னமோ இருந்திருக்கு மச்சான்"
என்றான், தகட்டின் வேகம் குறையாமல்.

குளோரின் இருந்தது.
நானும் தொண்ணூற்றாறுதான், எனக்குப் பாட வராது.

ஆஸ்பத்திரி கட்டில்களைத் தூக்கிக்கொண்டு
அக்கராயனுக்குப் போன வருசம்.
பற்றரிக்குத் தடை.
சைக்கிளைக் கவிழ்த்து வைத்து,
டைனமோவைச் சில்லோடு அழுத்தி,
ஒருவர் மிதிகட்டையைக் கையால் சுழற்ற
கசற் பாடும்.
கை ஓய்ந்தால் பாடகருக்குக் காய்ச்சல் வந்ததுபோல்
குரல் குழையும்.

கஜரூபனின் பாட்டில், இரண்டாம் சரணத்தில்,
தாளம் ஒரு மூச்சு இறங்கி ஏறும்.
கொழும்பில் ஒலிப்பதிவுக்காரர்
பிழையென்று அதை நிமிர்த்தப் போனாராம்.
"விடுங்கோ அண்ணை,
அது அப்பா கை மாத்துற இடம்" என்றானாம்.
பதினொரு கிழமை
என் கொப்பியில் முதலாம் இடத்தை விட்டு அசையாத பாட்டு.
பதினொரு கிழமையும் அந்த இடத்தில்
பஸ்ஸுக்குள் எல்லாரும் கொஞ்சம் முன்னால் சரிந்தோம்.

எம்.சி. முரசுமோட்டைக்கு வீட்டுப் பெயர் பிருதிவிராஜன்.
ஊர்ப் பெயரிலேயே முரசு கிடக்கிறது,
பிறகென்ன என்று விட்டுவிட்டான்.
இரண்டுக்கு மேல் ஏறியதேயில்லை.
ஒருநாள் ஹெல்மெட்டைக் கழற்றாமல் வந்து
அவனுடைய பாட்டையே ஏற்றச் சொன்னான்.
மறுநாளும் வந்தான், வேறு காட்.
முகத்தை மூடலாம்,
வயலுக்குள் இறங்கிய உழவு மிசின் மாதிரி
அந்தக் குரலை எதைக்கொண்டு மூடுவது?
இரண்டையும் கணக்கில் சேர்த்தேன்.
அப்படியும் இரண்டுதான்.

வியாழக்கிழமை அனோஜிதா வந்தாள்.
நோர்வேயில் கச்சேரி, விசாவுக்குக் கொப்பி வேண்டும்.
தாளைக் கண்ணாடியில் கவிழ்க்கும்போது தலைப்புத் தெரிந்தது:
உத்தேச வயதுச் சான்றிதழ்.

"முகாமில பல்லைப் பார்த்து எழுதினவை" என்றாள்.
"ஐஞ்சாவும் இருக்கலாம், ஏழாவும் இருக்கலாம்.
நல்ல மழையாம், அது மட்டும் தெரியும்.
அம்மாட்டைத்தான்..."
மிசினின் வெளிச்சம் அந்தப் பக்கத்திலிருந்து
இந்தப் பக்கத்துக்கு ஊர்ந்தது.
நான் பெறுமதியான எதையும் சொல்லவில்லை.
லமினேற் பண்ணவா என்று கேட்டேன்.

போகும்போது படியில் நின்று,
"றெஜி அண்ணைக்குச் சொல்லாதேங்கோ,
அவருக்கு அந்தக் கணக்கில நல்ல சந்தோசம்."

இன்றைக்கும் றெஜி கேட்டான்.
"ஓமடாப்பா, மூண்டு பேரும் தொண்ணூற்றாறுதான்."
தகடு இன்னும் பலமாய் அடித்தது.

மிசின் ஒரு பிரதியைக் கூடுதலாய்த் துப்பியிருந்தது.
அதன் வெறும் பக்கத்தில்தான்
இந்தக் கிழமைப் பத்தையும் எழுதினேன்.
கொப்பியில் நாலு ஓரமும் பசை பூசி ஒட்டியாயிற்று,
பாட்டுப் பக்கம் மேலே.