அளவு

பொடி இளஞ்சிவப்பு. டப்பாவில் புதினா வாசனை என்று போட்டிருக்கும்.
தேரடிக்குப் பின்னால் எங்கள் பல் ஆஸ்பத்திரியில்
ஒரு நாளைக்கு நாலு வாய்க்காவது அதைக் குழைக்கிறேன்.
ஐஸ் தண்ணீரில்தான்.
திருவொற்றியூர் மே மாதத்துக் குழாய்த் தண்ணீர் என்றால்
வாய்க்குப் போகுமுன் கிண்ணத்திலேயே இறுகிவிடும்.

அது பாசி என்று சொன்னவள் எப்சிபா.
வாடகையில் பாதி அவள். கட்டில் இரண்டு, மின்விசிறி ஒன்று.
அந்த ஒன்றின் கீழும் தினத்தாள் விரித்து
தூண்டில் வளைவுக் கற்களில் சுரண்டி வந்தது காயும்.
சுண்ணாம்புக் கோடு போட்ட சின்ன விசிறி,
பேர் பாடினா, ஒரு சத்தமும் இல்லை.
மிளகு மிளகாய்க் காற்றுப்பை கட்டி மிதக்கும் சர்காசம்.
இரண்டாய்ப் பிரிந்து, அதிலும் இரண்டாய்ப் பிரிந்து
எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினை மாதிரி டிக்டியோட்டா.
வீட்டுக்காரம்மா படியேறி வந்து மூக்கைப் பொத்தினாள்.
மணலி காற்று வீசும்போது பொத்தாதவள்.

"என்ன செடி இது?"
"செடியே இல்லை."
வேர் மாதிரி இருப்பது வெறும் பிடிமானம்,
கல்லை உறிஞ்சாது, கட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.
வேப்பமரத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.
உருளைக்கிழங்கை அழுகடிக்கும் நோய் இதற்குப் பங்காளி.
கண்ணாடிக் கூட்டில் குடியிருக்கும்
கண்ணுக்குத் தெரியாத டயட்டம் இன்னும் நெருங்கிய பங்காளி.
மறுநாள் டப்பாவின் பின்பக்கம் படித்தேன்.
பாசி உப்பு. அதற்குக் கீழே, டயட்டம் மண்.
எத்தனை கோடி வருஷத்துப் பிரிவோ,
என் ரப்பர் கிண்ணத்தில் ஒரே கரண்டி.

ஒருநாள் கொதிக்கும் தண்ணீரில் ஒரு துண்டைப் போட்டாள்.
பழுப்பு, கண் முன்னாலேயே பச்சை!
உள்ளே பச்சைதான் இருந்ததாம்,
மேலே ஒரு நிறம் மூடியிருந்ததாம்.
அந்தத் தண்ணீரில் அப்புறம் யாரும் டீ போடவில்லை.

தேசப்பன் வந்தது சனிக்கிழமை.
சிங்கி இறாலுக்கு வலை செருகப் போனவர்,
முன்பல் இரண்டும் இல்லை.
"பாசி வழுக்கிடுச்சிம்மா."
தட்டில் பொடியை நிரப்பி வாய்க்குள் அழுத்தினேன்.
கடிக்காதீங்க, மூக்கால மூச்சு விடுங்க.
சோடியம் எழுந்து கொள்ள, கால்சியம் வந்து உட்கார,
இரண்டு நிமிஷம்.
"இதுவும் பாசிதான்" என்றேன்.
பேச முடியாத மனிதர்
மூக்காலேயே சிரித்தார். அளவு கெட்டது.
இன்னொரு கரண்டி குழைத்தேன்.

எப்சிபாவின் கனவெல்லாம் தீக்காயத்துக்கு ஒட்டும் பஞ்சு,
வீக்கம் வற்றவைக்கும் ஒரு சர்க்கரை.
ஆய்வகத் தாள் வந்த அன்று அவள் சாப்பிடவில்லை.
ஈயம்.
கால்சியத்துக்கான இருக்கையில் ஈயம் உட்கார்ந்தால்
எண்ணூர் பஸ்ஸில் சீட் பிடித்தவர் மாதிரி, எழுந்திருக்காதாம்.
கடைசிக் கட்டத்தில் எழுதினாள்:
மருந்துக்கு ஆகாது, உணவுக்கு ஆகாது.
"அப்போ இந்தப் பாசி இல்லைன்னா அந்த ஈயம் எங்கே போயிருக்கும்?"
என்று கேட்டேன்.
அதற்குக் கட்டம் இல்லை.

தேசப்பனின் அச்சை ஈரத்துணியில் சுற்றி வைத்தேன்.
காய்ந்தால் சுருங்கும்,
ஒருவன் வாய் இன்னொருவன் வாய் ஆகிவிடும்.
மாவு ஊற்றி எடுத்த பிறகு குப்பைக் கூடை.

ஞாயிறு விடியலில் நீர் வடிந்திருந்தது.
அரை மீட்டர் சட்டத்தைக் கல்லின் மேல் அவள் வைக்க
நான் நோட்டுப் பிடித்தேன்.
பின்னால் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை, இன்ஜின் அணைக்காமல்.
பாடினா முப்பது பங்கு. சர்காசம் பன்னிரண்டு.
சர்காசம் புரட்டிய இடத்தில் வெள்ளையாய் ஒன்று பளிச்சிட்டது.
"தேசப்பன் பல்லு!" என்று குனிந்தேன்.
நகத்தால் நெம்பிப் பார்த்தாள்.
கொட்டலசு.
அதையும் எண்ணிக்கையில் சேர்க்கச் சொன்னாள்.