கால எல்லை

பதினேழாம் நாள் மலையேற்றம்
ஈசூன் காப்பிக் கடையில்
இரவு ஒன்பதரைக்குத் தொடங்கியது.
சாப்ஸ்டிக் டப்பாவில் சாய்த்து வைத்த டேப்லெட்,
மூன்று தே ஓ கோசோங்,
பக்கத்து மேசையில் காற்பந்துக்குக் கத்துகிறவர்கள்.

முதலில் போகிறவனைப் பார்க்க
உலகமே இருக்கிறது.
நாங்கள் பார்ப்பது நூற்று நாற்பத்தெட்டை.
அவன் பெயரை ஹைருல் ஒரு விதமாய்ச் சொல்வான்,
செங் ஹுவாட் ஒரு விதமாய்,
நான் சொன்னால் இருவருமே சிரிப்பார்கள்.
எண் போதும் என்று ஒப்பந்தம்.

அவன் வேலை தண்ணீர் கொண்டுபோவது.
பின்னால் வரும் காருக்குப் பின்தங்கி
சட்டைக்குள் ஏழெட்டுப் போத்தல்களைச் செருகி
கூன் விழுந்தவன்போல் திரும்ப முன்னேறி
தலைவனுக்கு ஒன்று, மற்றவர்க்கு ஒவ்வொன்று.
பிறகு மலை தொடங்கும்.
பிறகு அவன் தேவையில்லை.
"டாக்சி மாதிரிதான்," என்பார் செங் ஹுவாட்,
"இறங்கினவன் திரும்பியா பார்க்கிறான்?"

நான்காம் நாள் விழுந்தான், முழங்கை நிறைய கட்டு.
பத்தாம் நாளிலிருந்து கடைசி.
பட்டியலில் அவனைத் தேடி
ஹைருலின் கட்டைவிரல் இறங்கிக்கொண்டே போகும்,
எல்லா மாடியிலும் நிற்கிற லிஃப்ட்டைப்போல.

போன ஞாயிறு நாங்களும் ஃபேபர் மலையில் மிதித்தோம்.
செங் ஹுவாட் பாதியிலேயே வாழைப்பழம் உரித்தார்.
உச்சியிலிருந்து பார்த்தால் கப்பல்கள், கப்பல்கள்.
இருபது ஃபேபர்களை
ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினால்
அவனுடைய இன்றைய கணவாய்.

பதினொன்று பதினெட்டுக்கு
ஒருவன் கைகளை விரித்துக்கொண்டு கோட்டைக் கடந்தான்.
அதிலிருந்து முப்பத்தெட்டு நிமிடம்.
அதற்குள் வராதவன் நாளை இல்லை.
காமிரா பூங்கொத்துக்குப் போய்விட்டது.
நூற்று நாற்பத்தெட்டு எங்கோ கீழே வளைவில்,
அவன் பின்சக்கரத்தை முகர்ந்தபடி துடைப்ப வண்டி.

எனக்குப் பன்னிரண்டுக்குப் பீஷானில் ஆள்கணக்கு.
"நீ போ, நாங்கள் சொல்கிறோம்."

கைபேசி லாக்கரில்.
கடைசி ரயில் போய், மின்சாரம் துண்டித்து
சுரங்கத்தில் இறங்கும்போது ஒன்றே முக்கால்.
நான் தண்டவாளம் பார்க்கிறவள்.
விரிசல், தளர்ந்த கவ்வி, எலி கடித்த கேபிள்.
இருபதடி முன்னால் சோ மின்னின் தலைவிளக்கு.
சுவரில் சரிவுப் பலகை: நூற்றுக்கு இரண்டு.
ரயிலுக்குத் தெரியும், காலுக்குத் தெரியாத ஏற்றம்.
அவனுக்கு நூற்றுக்குப் பதினொன்று.

வந்தானோ இல்லையோ,
மேலே அது முடிந்த விஷயம்.
இந்த மண்ணுக்கடியில் மட்டும்
இன்னும் மிதித்துக்கொண்டிருக்கிறான்.
நான் படியேறாதவரை
யாராலும் அவனை ஓரங்கட்ட முடியாது.
அன்று மெதுவாக நடந்தேன் போலிருக்கிறது.
"கால் வலியா?" என்றார் சோ மின்.

நாலு முப்பத்தைந்து. இருபத்துமூன்று செய்திகள்.
கடை மூடிய பிறகு இருவரும்
டாக்சிக்குள் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.
மங்கலாய் ஒரு படம்:
திரையில் ஆளில்லாத முடிவுக்கோடு,
தடுப்புக் கம்பியைக் கழற்றும் ஒருவர்.
அப்புறம் ஹைருலின் குரல்:
"நாற்பத்தோரு விநாடி."
முந்தியா பிந்தியா என்று சொல்லவில்லை.
அந்தக் குரலில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
செங் ஹுவாட்டிடமிருந்து ஒரே வரி:
வண்டியை நிறுத்திவிட்டேன், தூங்கப் போகிறேன்.

பதினெட்டாம் நாள். அதே மேசை.
மலையில்லாத சாலையில் சூரியகாந்தி வயல்கள் நகர்ந்தன.
எங்கே பார்ப்பதென்று தெரியாமல்
மூவரும் முன்னால் போகிறவனையே பார்த்தோம், கொஞ்ச நேரம்.
பிறகு ஹைருலின் கட்டைவிரல்
பழக்கத்தில் இறங்கத் தொடங்கியது.
அடியில் புதிய எண், அறுபத்தேழு.
மெய்யெழுத்துகள் நெருக்கியடிக்கும் பெயர்,
மூச்சு விட ஓர் உயிரெழுத்து இல்லை.
செங் ஹுவாட் கண்ணாடியை மாட்டி
வாய்க்குள் ஒரு தடவை உருட்டிப் பார்த்துவிட்டு
சத்தமாகச் சொன்னார்.

தப்பு.
ஹைருல் திருத்தினான்.
அதுவும் தப்பு.