வேறொருவர் உள்ளே இருக்கிறார்

திங்கள் காலை ஏழு பத்து. மேடம் குவெக்கின் அழைப்பு:
எடைக் கணக்கு எழ மாட்டேன் என்கிறது.
ஏழு டன் உறைந்த கணவாய் லோரியில் ஏறிவிட்டது.
சீட்டு இல்லாமல் எதுவும் வாசல் தாண்டாது.

ஃபிஷரி போர்ட் ரோடு. மழை விட்ட தார்.
நிற்கும் ஒவ்வொரு லோரிக்கடியிலும்
ஒரு குட்டிக் குளம்.

அந்த நிரல் என்னைவிட நாலு வயது சின்னது.
நீலத் திரை, மஞ்சள் எழுத்து, எலி தெரியாது.
அது இந்த மேசையில் குடியிருக்கவில்லை,
எங்கோ ஒரு சர்வரில்,
இசட் என்ற ஒற்றை எழுத்துக்குப் பின்னால்.
இரண்டு தட்டு தட்டினால்
கம்பி வழியே தன்னைத் தானே சுமந்து வந்து
இங்கே மூச்சுவிட வேண்டும்.

இசட் இருக்கிறதா? இருக்கிறது. சிவப்புக் குறுக்கு இல்லை.
தொடங்கும் ஃபோல்டர்? சரி.
அனுமதி? எல்லாருக்கும் எல்லாம்;
தணிக்கைக்காரர் பார்த்தால் மயங்கி விழுவார்.
ஆன்டிவைரஸைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னேன்.
தட்டினேன்.
சுழன்றது, சுழன்றது,
அதே சாம்பல் பெட்டி:
கோப்பைத் திறக்க முடியவில்லை. வேறொருவர் உள்ளே இருக்கிறார்.

பழைய நிரல்களுக்கு ஒரு பிடிவாதம்.
அன்றைய முதல் விழிப்பில்
அட்டவணைகளை அடுக்கி முடித்தால்தான் அடுத்த வேலை.
அடுக்கும்போது ஒரு ஈ காக்கை இருக்கக் கூடாது.

சர்வரில் திறந்திருக்கும் கோப்புகளைப் பார்த்தேன்.
ஒரே ஒரு கணினி.
இரண்டு நாள், பதினோரு மணி நேரம்.
பெயர்: குளிரறை நாலு.

கடன் வாங்கிய ஜாக்கெட், கைகளை விழுங்கும் அளவு.
பிளாஸ்டிக் பட்டைத் திரையை விலக்கினால்
மீன் வாடைகூட உறைந்துபோன முன்னறை.
மானிட்டரின் நெற்றியில் ஒரு தாள்:
தயவுசெய்து அணைக்காதீர். மலைக்கொழுந்து, இரவு ஷிஃப்ட்.
அதன் கீழே, யாரோ, அதையே வங்காளத்தில்.

அவர் இன்னும் கிளம்பவில்லை.
பையில் கட்டிய கோப்பியை
கையுறைக்குள் பிடித்துக்கொண்டு நின்றார்.
"வெள்ளிக்கிழமை ராத்திரிலேருந்துக்கா,
மெஷினப் போட்டதும் பாதை இல்லைங்குது.
பத்து தடவ போட்டா ஒரு தடவ வருது.
வந்தத ஏன் மூடணும்?
மூடுனாத்தானே திறக்கணும்."

வெள்ளிக்கிழமை பகலில் சர்வரை மாற்றியது நான்.
சர்வீஸ் ரிப்போர்ட்டில் என் கையெழுத்து:
எல்லாக் கணினிகளும் சோதிக்கப்பட்டன.
மேல்மாடியில் ஆறும் சோதித்தேன்.
கீழே இறங்கவில்லை. குளிர் என்று.

இந்தக் கிழட்டுப் பெட்டிக்கு
நெட்வொர்க் விழிக்க இருபது விநாடி ஆகிறது.
நிரலோ கண் திறந்ததும் இசட்டைத் தேடி ஓடுகிறது.
வராத எழுத்தின் வாசலில் முட்டி விழுகிறது.
பழைய சர்வர் ஏதோ ஒரு விதத்தில் இதைச் சமாளித்திருக்கிறது,
எப்படி என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

"மூடுங்க" என்றேன்.
"வருமா?"
"மூடுங்க."
அவர் கையுறையைக் கழற்றினார்,
எஸ்கேப்பை அழுத்தினார், முகத்தைத் திருப்பிக்கொண்டு,
ஊசி போட்டுக்கொள்கிறவர் மாதிரி.

மேலே பிரிண்டர் கிரீச்சிட்டது.
மேடம் குவெக் போனில் ஒரே சொல்: ஓகே லா.
முதல் லோரி தன் குளத்தை விட்டுவிட்டு நகர்ந்தது.

ஐந்து வரியில் ஒரு பேட்ச் கோப்பு எழுதினேன்:
இசட் வந்ததா பார்.
இல்லையென்றால் மூன்று எண்ணு, மறுபடி பார்.
வந்த பிறகு மட்டும் கூப்பிடு.

பெட்டியை அணைத்துப் போட்டோம்.
கறுப்புச் சன்னலில் மூன்று, மூன்று, மூன்று...
அவர் உதடும் எண்ணிக்கொண்டிருந்தது.
ஏழாவது மூன்றில் நீலத் திரை.

முதல் மணிக்குத் தொண்ணூறு வெள்ளி என்பது வழக்கம்.
பில்லில் பூஜ்யம் போட்டேன்.
காரணம் என்ற கட்டத்தில்
பேனா நின்றது, நின்றது, எழுதாமல் கையெழுத்திட்டேன்.

மலைக்கொழுந்து தாளை உரித்தார்.
கிழிக்கவில்லை.
நாலாக மடித்து
விசைப்பலகைக்கு அடியில் செருகினார்.