முறைப்பாடு

சோக்கை இழுத்தால் ஓடும்.
தள்ளினால் இரண்டு தரம் விக்கி
அணைந்துபோகும்.

பீல் நகரம், ரயில் பாதைக்குப் பின்னால்,
நிலத்தடித் தரிப்பிடம், இலக்கம் பதினாலு.
என் யமஹா, ஒற்றைச் சிலிண்டர்,
என்னைவிட இரண்டு வயது மூப்பு.

முதற் சனி கிண்ணத்தைக் கழற்றினேன்.
குளிர்காலம் முழுக்க நின்ற பெற்றோல்
அடியில் பச்சைப் பிசினாய்ப் படிந்திருந்தது.
பைலட் ஜெட்டைக் குழல்விளக்குக்கு நேரே பிடித்தேன்:
துளையே இல்லை.
ஊறவைத்தேன். ஊதினேன்.
செப்புக் கம்பியில் ஒற்றை இழை பிரித்துக் குத்தினேன்.
மறுபடி ஊதினேன்.
கடைசியில்
ஊசிமுனையளவு வெளிச்சம்.
இதுதான் என்றிருந்தேன்.
இதுவல்ல.

இரண்டாம் சனி மிதவையின் உயரம் அளந்தேன்,
வேலையிடத்து வேர்னியரால்.
(கடிகாரக் கூடு மினுக்குகிற வேலை.
திங்கள் காலையே திருப்பி வைத்துவிட்டேன்.)
கலவை ஸ்க்ரூவை முழுக்க மூடி
ஒன்றரைச் சுற்றுத் திறந்தேன்.
ஒன்றேமுக்கால்.
இரண்டு.
இரண்டேகாலில் கொஞ்சம் மனமிரங்கியது,
பிறகு தன்பாட்டில் கத்தத் தொடங்கியது.
ப்ளக்கைக் கழற்றினால்
காய்ச்சல்காரனின் நாக்குப்போல வெள்ளை.
எங்கேயோ காற்று கூட.
எங்கே?

அண்ணன் தொலைபேசியில் சிரித்தான்:
"தடை நேரம் மண்ணெண்ணெயில ஓட்டினம்.
கண்மருந்துக் குப்பியால ஒரு சொட்டு பெற்றோல் விட்டு
உதைச்சால் சரி.
ஒருநாளும் ஜெட்டைக் கழற்றிப் பாத்ததில்லை."
என்னிடம் இருந்தது
தொண்ணூற்றெட்டு ஒக்டேனும்
வலிக்கிற வலது முழங்காலும்.

வியாழன், உடுப்புத் தோய்க்கும் முறை எனக்கு.
அறைக் கதவில் என் பெயருக்கு ஒரு கடிதம்,
மூலைக்கு மூலை ஒட்டுநாடா.
முதல் மாடி, திருமதி ஏஷ்லிமன்.

09.10 எஞ்சின் தொடங்கியது. ஒழுங்கான சத்தம்.
09.21 யாரும் முறுக்காத மாதிரியே, தானாக, சத்தம் ஏறியது.
10.05 மறுபடி. ஒழுங்கு.
10.16 ஏறியது.
11.30 மறுபடி. ஒழுங்கு.
11.41 ஏறியது.
பிரதி: வீட்டு நிர்வாகத்துக்கு.
நட்பார்ந்த வணக்கங்களுடன்.

இரண்டு தரம் கோபத்தோடு வாசித்தேன்.
மூன்றாம் தரம் பென்சிலோடு.
பதினொன்று.
பதினொன்று.
பதினொன்று.

உடுப்பை இயந்திரத்துக்குள் அப்படியே விட்டுவிட்டுக்
கீழே இறங்கினேன்.

எஞ்சினின் சூடு மெல்ல நடந்து
எங்கே போய்ச் சேரப் பதினொரு நிமிடம்?
கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே
கறுப்பு ரப்பர்த் துண்டு ஒன்று,
இரண்டு சனியும் நான் கழற்றித் துடைத்து
நன்றி சொல்லாத குறையாய்த் திரும்பப் பூட்டியது.
பெருவிரலால் வளைத்தேன்.
அடிப்பக்கத்தில், பட்டி மறைக்கும் இடத்தில்,
மயிரளவு வெடிப்பொன்று
வாய் திறந்தது.
விரலை எடுத்ததும்
ஒன்றும் தெரியாத பிள்ளைபோல மூடிக்கொண்டது.

குற்றம் சாட்டப்பட்ட கார்புரேட்டர்
பழைய துவாயின்மேல்
பளபளவென்று கிடந்தது.
அதனிடம் என்ன கதைப்பது என்று தெரியவில்லை.

புது ரப்பர், தபாற்செலவோடு முப்பத்தொரு ஃபிராங்.
மூன்றாம் சனி, வேண்டுமென்றே,
ஒன்பது பத்துக்கு உதைத்தேன்.
சோக்கை உள்ளே தள்ளினேன்.
டுப், டுப், டுப்.
பத்தாம் நிமிடம் மூச்சைப் பிடித்தேன்.
பதினொன்று.
டுப், டுப்.
பன்னிரண்டு.
அணைக்க மனம் வரவில்லை, இருபது மட்டும் விட்டுவைத்தேன்.

நிர்வாகத்தின் எச்சரிக்கை செவ்வாய் வந்தது.
அதோடு, கதவில், அதே ஒட்டுநாடாவில்:

09.10 முதல் 09.30 வரை.
ஒழுங்கான சத்தம்.
எனினும், சத்தம்.