பிழை இலக்கம் இருபத்தேழு

ஃபஸ்லான் கேட்கிறான், எதிரி எங்கே?
நாற்பது நிமிடமாய் விளையாடிவிட்டான்.
ஐஸ்பெட்டியை மூன்று தரம் ஏற்றி இறக்கி
மூதூர்ப் படகில் யாரோ ஒருத்தியின் சைக்கிளைப்
பிடித்துக்கொண்டு நின்றும் பார்த்துவிட்டான்.
இன்னும் ஒருத்தரும் அவனைச் சுடவில்லை.
"அக்கா, இது என்ன வகை?"

வகை.
விற்கப் பதியும்போதும் முதல் கேள்வி அதுதான்.
அடிதடி, ஓட்டம், புதிர், பந்தயம்,
பதினொரு கட்டத்தில் ஒன்றுக்குச் சரி போடாவிட்டால்
அடுத்த பக்கம் திறக்காது.

என்.சி. வீதியில் பேக்கரிக்கு மேலே எங்கள் அறை.
பாண் வேகும்போது கணினியும் வேகும்.

விதிகள் எனக்குத் தெரியும்.
சிவப்புப் பீப்பாய் என்றால் வெடிக்கும்.
பூட்டிய கதவென்றால்
திறப்பு அதே கட்டடத்தில் எங்கோ கிடக்கும்.
செத்தால்
கடைசிச் செக்பொயின்ற்றில் எழும்பலாம்.

அந்த வரியில்தான் கை நின்றது.
உலகம் முழுக்கப் பிள்ளைகள் அதை நோக்கி ஓடுகிறார்கள்.
தொட்டால் வெளிச்சம், சின்ன மணிச்சத்தம்,
இனிப் பயமில்லை.
பஸ்ஸால் இறங்கி, அடையாள அட்டையை உயர்த்திப் பிடித்து
நாங்கள் வரிசையில் நடந்த இடத்துக்கும்
அதே பெயர்.
ஐம்பது யார் தூரமும் அம்மா என் விரல்களை நசுக்குவா.
அங்கே ஒன்றும் சேமிக்கப்படவில்லை,
எங்கிருந்து எங்கே போகிறோம் என்பதைத் தவிர.

எங்கள் கேமில் சேமிக்கிற இடம் தேத்தண்ணிக் கடை.
குடித்து முடியும்வரை எதுவும் நடக்காது.
ஆறு செக்கன் போதும் என்றாள் யதுர்ஷா.
நான் நாற்பது வைத்தேன்.
சண்டைபிடித்து இருபத்தைந்தில் நிற்கிறோம்.

"எதிரி இல்லாட்டி எப்பிடி வெல்லுற?"
ஐஸ் கரைய முன்னம் போய்ச் சேர்.
"சேர்ந்தா?"
மீன் பழுதாகாது.
கிண்ணியாவில் மீன் ஏற்றுகிறவரின் மகன் அவன்.
"அது எங்கட வாப்பாட வேலை," என்றான்,
"அதுக்கு ஏன் காசு குடுத்து விளையாட?"

மறுமொழி வரவில்லை எனக்கு.
தடைகளைக் கழற்றத் தொடங்கிய பிறகு பிறந்தவன்.
எதிரி கேட்பது அவன் உரிமை.
பன்னிரண்டு வயதில் மாமாவின் கொமியூனிகேஷனில்
நானும் நூற்றுக்கணக்கில் சுட்டவள்.
நல்லாய்த்தான் இருந்தது.

அவன் போனபின் பிழைப்பட்டியலைத் திறக்கிறேன்.
இருபத்தாறு: படகு தண்ணிக்கு மேலே ஒரு முழம் நிக்குது.
இருபத்தேழு: கடற்கரை முடியிற இடத்தில
மான் உள்ளுக்குப் போகுது. நான் போனா முட்டுது. ஏன்?

அங்கே ஒரு சுவர் வைத்தேன், கண்ணுக்குத் தெரியாதது.
எல்லாக் கேமிலும் உண்டு.
வரைய நேரமில்லாத உலகத்தை அப்படித்தான் மூடுவார்கள்.
பீப்பாயை யோசித்தேன், கதவை யோசித்தேன்,
இதை மட்டும்
யோசிக்காமல் வைத்துவிட்டேன்.

மானுக்குச் சுவரைப் போட
ஒரு வரி எழுதினால் போதும்.
எழுத முன்னம் கரண்ட் போயிற்று.

கீழே பேக்கரி வாசலில் உண்மையான மான்கள் இரண்டு
பொலித்தீனோடு சேர்த்துப் பாணை இழுத்துக்கொண்டு
வீதிக்கு ஏறுகின்றன.
ஓட்டோ ஒன்று ஹோன் அடிக்காமல்
நிற்கிறது.